பள்ளிக்கூடத்தில் வேதக் கண்ணோட்டம்
(திருப்பூர்க் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் எந்தப் பாடத்தையும் வேதத்தின் கண்கொண்டே பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டுமென்று பாதிரிமார்களில் ஒரு சாரார் பேசி வருகிறார்கள். பூகோளமானாலும், சரித்திரமானாலும், விஞ்ஞானமானாலும் முடிவு ஏற்கெனவே ஒரு புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. பிள்ளை அதற்குத் தக்கபடி யோசித்தால் போதும் என்பதுதான் இதன் தாத்பரியம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதற்கொண்டு பாதிரிமார்கள் நமக்குச் செய்த கல்வித் தொண்டை மறைப்பது நன்றிகெட்டதனமாகும். தீண்டாதவன் என்றும், பெண் என்றும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு எழுத்தைக் காட்டியவர்கள் அவர்கள். ஆகவே, பாதிரியை விரட்டு என்று கூச்சல் போடும் இந்து மதவெறிக் கூட்டத்தோடு நமக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. பைபிளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீதையை வைப்பதுதான் அவர்கள் எண்ணம்.

ஆனால், எழுத்தைக் கொடுத்தவர்கள் அதற்கு ஈடாக யோசனையை அடமானம் கேட்கலாமா? பைபிளின் தலைமுறைக் கணக்கைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-ல் உண்டாயிற்று என்று 1650-ல் எழுதி வைத்தார் அயர்லாந்து அத்தியட்சர் அஷர். பூமிக்கு வயது சுமார் 454 கோடி வருஷம் என்று இன்று கற்களே சாட்சி சொல்லுகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நமது திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்களுக்கே சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாயிரம் வருஷத்து உலகத்தில் பதினைந்து லட்சம் வருஷத்துக் கோடரி எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால், வாத்தியார் பதில் சொல்லுவாரா, பெஞ்சின் மேல் ஏற்றுவாரா? படித்த கிறிஸ்தவர்கள் பலரே இந்தச் சிருஷ்டிக் கதையை எழுத்துக்கு எழுத்து நம்புவதில்லை. பெரியவர்கள் நம்பாததைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்டவேண்டும்?

1925-ல் அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில், மனிதன் கீழ்ப் பிராணியிலிருந்து வந்தான் என்று போதித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்தச் சட்டம் ஒழிய 1967 வரை ஆயிற்று.

வேதம் படித்தால் ஒழுக்கம் வரும் என்கிறார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய மாதா கோவிலுக்குள்ளேயே, ஜாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்து உட்கார்ந்தார்கள் வேதம் படித்தவர்கள். 1910-ல் சுவர் இடிபட்டபோது மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேதக் கண்ணோட்டத்துக்கு அந்தச் சுவர் ஏன் தெரியவில்லை?

தோழர்களே! நீங்கள் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மேஸ்திரி நல்ல துணி என்று சொல்லிவிட்டதற்காகச் செக்கிங்கில் ஓட்டையைப் பார்க்காமல் விடுகிறீர்களா? விட்டால் சரக்கு திரும்பி வருகிறது. பனியனுக்கு உள்ள பரிசோதனை பிள்ளையின் மூளைக்குள் போகும் சரக்குக்கு வேண்டாமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு, சர்க்கார் அங்கீகாரமோ பணமோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தச் சிறு பிள்ளையையும் மத போதனையிலோ ஜெபத்திலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. முழுக்க முழுக்கச் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது என்கிறது. அப்படியிருக்க, அங்கே சரஸ்வதி பூஜை நடந்தால் அதையும் கேட்கத்தான் வேண்டும். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976-ல் 42-வது திருத்தம் வேறு சொல்லிற்று.

ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மத வகுப்புக்குச் சம்மதம் கேட்டிருந்தால், இஷ்டமில்லை என்று எழுதிக் கொடுங்கள். பத்துப் பேராய்ச் சேர்ந்து போய், அந்த நேரத்தில் நம் பிள்ளைகளுக்குக் கணக்கோ விஞ்ஞானமோ சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். வீட்டில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். வளர்ந்த பிறகு எந்த மதம் வேண்டும், மதமே வேண்டுமா என்பதை அவர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.