பாடும் உரிமையும்



‘பாடு’ என்றால் உழைப்பு, துன்பமும் ஆகும். பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களிலோ, முறைவைத்து வலையிடும் உரிமைக்கும் அதுவே பெயர். வலையிடும் இடம் ஊர்ப்பொது; முறை பெற்றவர் வலையில் விழுந்தது அவர்க்குரியது.

அக்குப்பத்து இளைஞர் ஒருவர் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் சேர்கிறார் என்று கொள்வோம். இரவில் தம் சொந்தக் கணினியில் அவர் படைக்கும் நிரல் யாருக்கு உரியது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது. மாற்று ஒப்பந்தம் இல்லையேல், பணியின் பகுதியாகப் படைத்ததை முதலாளிக்கு உரியதாக்குகிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ புதுமை கண்டவரையும், அவர் உரிமை எழுதிக்கொடுத்தவரையும் விண்ணப்பிக்க விடுகிறது. ஆகவே எல்லாம் கையெழுத்தில் அடங்கிவிடுகிறது. பணி ஒப்பந்தம் இரவையும் எழுதி வாங்கிவிடக் கூடும்.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுசன், அலுவலுக்கிடையே கணிதத்தில் தோய்ந்தார். மேலதிகாரிகள் ஊக்கம் தந்தனர். அக்கண்டுபிடிப்புகள் துறைமுகத்தின் கணக்காகிவிடவில்லை. இராமானுசன் கணிதமாகவே நிலைத்தன.

பகலில் கோப்பும் இரவில் கவிதையுமாக வாழும் இவ்வவையினர்க்கும் இது பொருந்தும். ஊதியம் தந்தவர் பெற்றது பகற்பாடு மட்டுமே. ஏரி முழுவதும் அன்று. கையெழுத்திடுமுன் எல்லையைக் கேட்டறிதல் கடன்.