மலைத் தோட்டத் தடுப்புச் சுவருக்குக் கான்கிரீட்

நீலகிரி போன்ற மலைச் சரிவுகளில் மேல்மண்ணைக் காக்கக் கட்டும் தடுப்புச் சுவர் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் சாய்கிறது. சிமெண்டு போதவில்லை என்பார்கள். சுவரின் பின்னே தேங்கும் நீரின் அழுத்தத்தை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே சிமெண்டு வாங்கும்போதே வடிகாலுக்கான ஜல்லியையும் கணக்கில் சேருங்கள். சுவரின் பின்புறம் 1 அடி அகலத்திற்குக் களிமண் கொட்டாமல் ஜல்லி நிரப்புங்கள். அடிப்பகுதியில் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்களை வெளிப்புறம் சரிவாகப் பதியுங்கள்.

கலவையில் சிமெண்டு 1 பங்கு, மணல் 2, முக்கால் அங்குல ஜல்லி 4. சேறு கலந்த மணல் ஆகாது. 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வேலை எளிதாகுமென்று கொத்தனார் இன்னும் ஊற்றப் பார்ப்பார், விடாதீர்கள். 10 நாட்கள் ஈரச்சாக்கு போர்த்துங்கள். 4 அடிக்கு மேல் உயர்த்துவதானால், பொறியாளரைக் கேட்ட பின்பே கடைக்கால் தோண்டுங்கள்.