அந்தப் பெயரைச் சொல்லுங்கள்



இறந்த விசுவாசிகளுக்காகத் திருச்சபை சிறப்பாகச் செபிக்கும் நவம்பர் மாதம் இது. கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருக்கிறோம். இந்த நாள்களில் ஒரு சினிமாக் காட்சி எனக்கு நினைவுக்கு வருகிறது. மறையுரையில் சினிமாவா என்று எண்ணாதீர்கள். ஆண்டவரும் மக்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுதான் தெரியாததை விளக்கினார்.

1981ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம். தொடக்கக் காட்சியில் உளவாளி பாண்ட் கையில் பூக்களோடு ஒரு கல்லறை முன் நிற்கிறான். அது அவன் மனைவி தெரேசாவின் கல்லறை. 1969இல் வந்த படத்தில், திருமணம் முடிந்து இருவரும் காரில் புறப்பட்ட அன்றே அவள் சுட்டுக் கொல்லப்பட்டாள். கல்லறைக் கல்லிலும் அந்த ஆண்டுதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவன் அங்கே நிற்பது சற்று நேரம்தான். அதற்குள் ஆலயத்துக் குருவானவர் வந்து, "உங்கள் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள், ஹெலிகாப்டர் அனுப்புகிறார்களாம்" என்கிறார். பாண்ட் கிளம்பிவிடுகிறான். குருவானவர் சிலுவை அடையாளம் வரைந்து வழியனுப்புகிறார்.

அந்தக் குருவானவரைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் கல்லறையருகே தனியாக நிற்கும் ஒருவனிடம் அலுவலகச் செய்தியைச் சொன்னவர், "எப்படி இருக்கிறாய், மகனே?" என்று கேட்கவில்லை. அடக்கத் திருப்பலி முடிந்ததும் அடுத்த வேலைக்கு ஓடிய நாள்கள் எனக்கும் உண்டு.

பாண்டும் தன் துயரத்தைப் பேச விரும்புகிறவன் அல்லன். 1977ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு பெண் அவனுடைய மனைவியைப் பற்றிப் பேச்செடுத்ததும், அதை அப்படியே வெட்டிவிடுகிறான். இந்தப் பழக்கம் முதல் கதையிலேயே இருக்கிறது. இயன் ஃபிளெமிங் 1953இல் எழுதிய 'காசினோ ராயல்' நாவலின் முடிவில், அவன் மணக்க விரும்பிய வெஸ்பர் இறந்துபோகிறாள். அவள் எதிரிகளுக்கு உளவு சொன்னவள் என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது. அவன் கண்கள் நனைகின்றன. துடைத்துக்கொள்கிறான். பிறகு லண்டனுக்குத் தொலைபேசியில் பேசும்போது, அவளைப் பற்றி ஒரு கொடிய வசைச்சொல்லைச் சொல்லித் தகவலை முடிக்கிறான்.

அன்பார்ந்தவர்களே, அடக்கிய கண்ணீர் எங்கே போகிறது என்பதை இங்கே பார்க்கிறோம். அது வசைச்சொல்லாக மாறி வெளியே வருகிறது. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று ஐந்து வயதில் சொல்லி வளர்க்கிறோம். அவன் ஐம்பது வயதில் தாயைப் புதைத்துவிட்டு வந்து, சோற்றில் உப்பில்லை என்று மனைவிமேல் எரிந்து விழுகிறான். இன்னொருவர் மதுக்கடைக்குப் போகிறார். மற்றொருவர் இறந்துபோன பிள்ளையின் பெயரையே உச்சரிப்பதில்லை. இவர்கள் கல்நெஞ்சர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அழ இடம் கிடைக்காதவர்கள் இவர்கள்.

நம் ஆண்டவரைப் பாருங்கள். யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் இலாசரின் கல்லறைக்கு வருகிறார். இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போவது அவருக்குத் தெரியும். ஆனாலும் மரியா அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார். அதுவும் கூட்டத்தின் நடுவில். அதைப் பார்த்துச் சிலர் அவருடைய அன்பை வியந்தார்கள், சிலர் குறை சொன்னார்கள். அதற்காக அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. கெத்சமனித் தோட்டத்திலும், தம் உள்ளத்தின் துயரத்தை மூன்று சீடர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். இறைமகனுக்கே துணை தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படுவதில் என்ன அவமானம்? உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். உயிர்ப்பும் வாழ்வும் ஆனவரே அழுதார்.

பாண்டின் வாழ்க்கைமுறையைப் பின்பற்றும்படி எந்தக் குருவானவரும் சொல்லமாட்டார்! ஆனால் 2006இல் படமாக வந்த 'காசினோ ராயல்' கதையில் ஒரு நல்ல காட்சி உண்டு. பாண்ட் இருவரைக் கொன்றதை நேரில் கண்டு நடுங்கிப்போன வெஸ்பர், உடுத்திய உடையோடு ஷவரின் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அவன் அறிவுரை சொல்லவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை. தானும் உடையோடு போய் அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்துகொள்கிறான். துக்க வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது என்று தயங்குகிறோமே, இவ்வளவு போதும். பக்கத்தில் உட்காருங்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். உங்கள் வீட்டில் யாருடைய பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுபோகிறதோ, இரவு குடும்பச் செபத்தில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும். பிள்ளைகள் பார்க்கட்டும். சாகும்வரை அவரோடு பேசாமல் இருந்துவிட்டேனே என்ற குற்ற உணர்வு உள்ளவர்கள் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். உங்களை அவசரப்படுத்தமாட்டேன். ஹெலிகாப்டர் காத்திருக்கட்டும்.

இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவரே, அழ முடியாமல் தவிக்கும் எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தருளும். எங்களுக்குமுன் உம்மிடம் வந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். ஆமென்.