வானத்துக்கு வரப்பு உண்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். நான் மேடைப் பேச்சாளன் அல்ல, இன்ஜினியர். நன்னிலத்துக்காரனுக்கு வயலும் வாய்க்காலும்தான் உவமை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயலுக்கு வரப்பு உண்டு, வானத்துக்கு? உலகமெல்லாம் ஒரே கைபேசிக்குள் வந்துவிட்ட பிறகு, ஒரு நாட்டின் அரசுக்கு அங்கே என்ன வேலை?

1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள்! கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று அரசே 'விவித பாரதி'யைத் தொடங்க வேண்டியதாயிற்று. வானத்தில் வரப்பு நிற்காது.

அப்படியானால் அரசு ஒதுங்கிவிடலாமா? 1993இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை ஒளிபரப்பும் உரிமை பற்றி தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் வழக்கு. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வானலை பொதுமக்கள் சொத்து என்றது. அரசின் ஏகபோகமும் கூடாது, பணமுள்ளவர் வளைத்துப் போடவும் கூடாது. பொது நன்மைக்காக ஒழுங்குபடுத்த வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அரசு மிராசுதார் அல்ல, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். கோபம் வந்தால் ஷட்டரை இறக்கிவிடும் லஸ்கரும் நமக்கு வேண்டாம். இணையத்தில் எழுதியவர்கள்மேல் பாய்ந்த 66ஏ பிரிவை 2015இல் அதே நீதிமன்றம் ரத்து செய்ததை மறக்க வேண்டாம்.

2018இல் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி நம் மாநிலத்திலும் மனிதர்களை அடித்தே கொன்றார்கள். மத்திய அரசு அழுத்தம் கொடுத்தது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தது. கலிபோர்னியா கம்பெனியும் காது கொடுக்கத்தான் செய்தது.

ஆனால் அது மட்டும் போதவில்லை. அதே வருஷம் நவம்பர் 16, கஜா புயல். நான் பெங்களூரில். வீட்டுக்கு ரிங் போகவில்லை. 'ஆத்துக்கரை உடைஞ்சு ஊரே முழுகிடுச்சு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. கை நடுங்கிவிட்டது. மறுநாள் இரவு அப்பா லைனில் வந்தார்.

"யாருடா சொன்னா? கரண்டுதான் இல்ல. நாங்க டிரான்சிஸ்டர்ல திருச்சி ஸ்டேஷன் கேட்டுக்கிட்டு இருக்கோம். கவலப்படாதே."

உலகச் செய்தியெல்லாம் என் கையில் இருந்தது. என் ஊர்ச் செய்தி மட்டும் இல்லை. லாபம் பார்க்காமல் அதைச் சொல்ல ஒரு பொதுக்குரல் வேண்டும். அதைக் காப்பாற்றுவதுதான் அரசின் முதல் வேலை. அந்தக் குரல் ஆளுங்கட்சிக் குரலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு இந்த மதகுகளையெல்லாம் வடிவமைக்கப் போகிறவர்கள் நீங்கள். அதுவரை ஒன்று செய்யுங்கள்: அடுத்தவருக்கு அனுப்புமுன், சம்பந்தப்பட்ட ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.