மாலை விமானத்துக்கு முன் முசரவாக்கம்

சிங்கப்பூரிலிருந்து காலை ஆறரைக்குச் சென்னையில் வந்து இறங்கினேன். மதுரை விமானம் மாலை ஐந்தரைக்கு. நடுவே 11 மணி நேரம். மீனம்பாக்கத்து நாற்காலியிலேயே சாய்ந்து கிடப்பதா, வெளியே போய் வருவதா? நான் கிளம்பிவிட்டேன், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முசரவாக்கத்துக்கு, பட்டுச் சேலை நெய்வதைப் பார்க்க.

குடிநுழைவும் பெட்டியும் முடிந்து வெளியே வர எட்டு மணி. உள்நாட்டு விமானம் என்பதால் மூன்றரைக்குத் திரும்பினால் போதும். வெளிநாட்டுக்குத் தொடர்பவர்கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முதலில் விசாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். காஞ்சி அறுபது, எழுபது கிலோமீட்டர் தூரம். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் வழியை அடைத்துக்கொள்ளும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை என்று வையுங்கள். கையில் மிஞ்சுவது மூன்றே மணி நேரம். போய்த் திரும்பும்வரைக்கும் ஒரே வாடகை வண்டியைப் பேசிக்கொண்டேன். பெட்டிகள் அதிலேயே இருந்தன.

பரந்தூரில் புது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். அது வந்தால் காஞ்சி கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் ஏரியும் வயலும் போய்விடுமே என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிலத்தைக் கொடுத்து எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாக வேண்டாம்.

பலரும் மறந்துபோவது ஒன்று உண்டு. காஞ்சிக் கோயில்கள் உச்சிப்பொழுதில் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். ஆகவே ஒரே ஒரு கோயில், அதுவும் முதலில். கைலாசநாதரிடம் போனேன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். மதிலை ஒட்டிச் சுற்றிலும் 58 சிறு சன்னிதிகள். சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதினொன்றரைக்கு முசரவாக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றினேன். கூடத்தில் குழித்தறி. பெரியவர் பள்ளத்தில் காலை இறக்கி மிதித்துக்கொண்டிருந்தார். தறியில் ஒரு சேலை: அரக்கு உடல், பச்சைக் கரை. ஊடை இழையை ஓட்ட உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. ஒருபக்கக் கரையின் நாடாவை அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தள்ளினார். அரக்கு இழையும் பச்சை இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பின. கோர்வை என்பது இதுதான். கடையில் சேலையை விரித்துக் காட்டும்போது இந்த இரண்டு பேரின் கை தெரிவதில்லையே என்று எனக்கு மனசு கனத்தது.

“ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?”

“கோர்வைன்னா ஒரு முழம் ஏறினாலே பெருசுங்க. நடுவுல இழை அறுந்துச்சுன்னா அதுவும் இல்ல.”

சொல்லி வாய் மூடவில்லை, ஓர் இழை அறுந்தது. நாடாவை நிறுத்தினார். அறுந்த நுனியைத் தேடி எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்தார். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார்.

பன்னிரண்டரை ஆனதும் பெரியவரே சொன்னார்: “கிளம்புங்க சார், லாரி மறிச்சிடும்.”

எழுந்தபோது தறியைப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று விரற்கடை ஏறியிருந்தது.