சூர்ப்பணகை: பெயரும் பழியும்

சூர்ப்பணகை என்றால் முறம் போன்ற நகமுடையவள். சூர்ப்பம் முறம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பொருளை வைத்து அவள் உருவத்தையும் குணத்தையும் தீர்மானிக்கலாமா என்பதே வழக்கு. முதல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாடு 1919இல் ரா. கோ. பண்டார்கர் தலைமையில் கூடிய புணேயில், இந்த வழக்கைத் தலைமையுரையில் எடுப்பது பெருமை, சற்று அச்சமும்கூட.

கருத்தரங்கின் பொதுப்பொருள் இதிகாசப் பெண்பெயர்கள். கைகேயி, காந்தாரி போன்றவை நாட்டையொட்டி வந்த பெயர்கள்; அவை அவையோர் அறிந்தவை, தகராறும் குறைவு. சூர்ப்பணகையின் பெயர்தான் அவள்மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை போலப் படிக்கப்பட்டு வருகிறது.

இலக்கணம் இந்த வாசிப்புக்கு இடம் தரவில்லை. உறுப்பைக் குறிக்கும் சொல் ஈற்றில் நிற்கும் தொகை, வெறும் வருணனையானால் பெண்பாலில் ஈகாரம் பெறலாம். நகம், முகம் என முடிவது ஒருவரின் இயற்பெயரானால் அந்த ஈகாரம் கூடாது என்கிறது பாணினியின் 4.1.58ஆம் சூத்திரம். பெயர்ச்சொல்லில் நகரம் ணகரமாவதை 8.4.3ஆம் சூத்திரம் விதிக்கிறது. இரண்டுக்கும் காசிகை உரை காட்டும் எடுத்துக்காட்டுகளில் சூர்ப்பணகையும் உண்டு. ஆக, அந்த ணகரமே இது இடுபெயர், அங்க வருணனை அன்று என்பதற்கு முத்திரை. தமிழும் அந்த ணகரத்தைக் கைவிடவில்லை.

வால்மீகியும் இதற்குத் துணை நிற்கிறார். ஆரணிய காண்டத்தில் இராமனையும் அவளையும் எதிரெதிரே நிறுத்தும் புகழ்பெற்ற பகுதியில் முகம், வயிறு, கண், தலைமயிர், குரல், வயது, பேச்சு, நடத்தை எல்லாம் வருகின்றன, நகம் வரவில்லை. அவளை விகாரமாகக் காட்டத் துணிந்த கவி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெயர்ப்பொருளைத் தொடவே இல்லை. பெயரிலிருந்து உருவத்தை வரைந்த அறிஞர்கள் மதிப்புக்குரியவர்கள். ஆனால் இந்த மௌனத்துக்கு அவர்கள் விடை சொன்னதில்லை.

முறம் இழிபொருளும் அன்று. புணேயில் ரிஷி பஞ்சமி விடியற்காலையில் தகடூசேட் கணபதி முன் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே குரலில் சொல்லும் அதர்வசீர்ஷத்தில் கணபதி முறச்செவியன், சூர்ப்பகர்ணகன். பதரைப் புடைத்துத் தள்ளி மணியை நிறுத்திக்கொள்ளும் கருவி என்பதால், வேண்டாததை விலக்கிக் கேட்கும் செவி என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். செவியில் ஞானமாகும் முறம் நகத்தில் மட்டும் கோரமாவது, முறத்தைப் பார்த்து எழுந்த முடிவு அன்று. ஆளைப் பார்த்து எழுந்தது.

புறக்கணிக்கப்பட்ட சான்று ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் மகாபாரதச் செம்பதிப்பில் வி. எஸ். சுக்தங்கர் பதிப்பித்த ஆரண்யக பர்வம் 1942இல் வெளிவந்தது. அதிலுள்ள ராமோபாக்கியானத்தில் சூர்ப்பணகை இராவணனின் உடன்வயிற்றுத் தங்கை அல்லள். கரனுடன் ராகா என்பவளுக்குப் பிறந்தவள். ராகா என்பது முழுநிலா நாளின் பெயர். விமலசூரி மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் இயற்றிய சமண இராமாயணமான பௌமசரியத்திலோ அவள் பெயரே சந்திரநகை. அங்கே அவள் மகன் சம்பூகனை லட்சுமணன் வாளுக்குப் பறிகொடுத்த தாயும்கூட. தாயின் பெயரில் நிலவு, மகளின் நகத்தில் நிலவு: இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சமணர் அழகுக்காகப் பெயரை மாற்றினர் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமாகாது. முறம் மாறியும் நகம் மாறவில்லை என்பதையாவது கணக்கில் கொள்ள வேண்டும்.

கம்பனில் அவள் அழகுருக்கொண்டு வந்து தன்னைக் காமவல்லி என்கிறாள். வால்மீகியில் உள்ள பெயரை உள்ளபடி சொல்கிறாள். பொய்ப்பெயர் கம்பன் தந்தது. அந்தப் பழியை வால்மீகியின் சூர்ப்பணகைமீது ஏற்றக் கூடாது. அவள் இயற்பெயர் மீனாட்சி என்று இப்போது பரவும் செய்திக்கும் வால்மீகியில் ஆதாரமில்லை. நாசிக் நகரம் அவள் மூக்கால் பெயர் பெற்றது என்பது தலபுராண மரபு. நாசிக்யம் என்ற நகரப் பெயரைப் பதஞ்சலி அறிந்திருக்கிறார், மூக்கறுப்பைப் பற்றி அங்கே பேச்சில்லை.

டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய வடமொழிப் பேரகராதி இன்னும் அகரத்தில் நிற்கிறது. இப்பெயருக்கு அது வந்து சேரும்போது பாணினி, ராகா, சந்திரநகை ஆகிய மூன்று சான்றுகளும் பதிவில் இடம்பெற வேண்டும். 'கோர நகமுடைய அரக்கி' என்ற வாசகம் பொருள்விளக்கத்திலிருந்து நீங்கி, பிற்கால உரைமரபு என்ற குறிப்பின்கீழ் போக வேண்டும்.