இடக்கைக்காரனும் பழைய மார்ட்டினியும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னை "இங்கிலாந்து அனுபவங்கள்" பற்றிப் பேசச் சொன்னார். குளிரைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எனக்கு முன்னாடி பேசினவங்க சொல்லிட்டாங்க. ஆகவே நான் அங்கே ஒரு துப்பாக்கி வாங்கிய கதையைச் சொல்கிறேன். யாரும் பயப்பட வேண்டாம். என்.சி.சி.யில் நாம் சுட்ட அதே பாயிண்ட் டூ டூ ரகம்தான், போட்டிக்கு மட்டும்.

என்னோடு என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 25 கெஜ தூரத்தில் படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்ட் சுட வேண்டும். நான் பிறவி இடக்கைக்காரன். குறி பிடிக்கிற கண்ணும் இடது கண்தான். ஆனால் ரைபிளின் போல்ட் வலப்பக்கம். "வலது தோள்ல வைடா" என்று பயிற்சி கொடுத்தவர் அதட்டுவார். வைப்பேன். ஐந்து தோட்டாவும் ஐந்து ஊருக்குப் போகும். ஒருமுறை பக்கத்துப் பையன் அட்டையில் ஆறு ஓட்டை இருந்தது. அந்த ஆறாவது என்னுடையது! துப்பாக்கி நமக்கு வராது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

பல வருஷம் கழித்து வேலை நிமித்தமாக பர்மிங்காம் போனேன். உடன் வேலை பார்த்தவர் ஒரு சாயங்காலம் தன் ரைபிள் கிளப்புக்கு அழைத்துப் போனார். அங்கேயும் அதே 25 கெஜம், அதே படுத்துச் சுடுதல். அட்டையில் பத்துச் சின்ன வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு தோட்டா, மொத்தம் 100 மதிப்பெண். நான் இடது கையால் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த கிளப் செயலாளர், ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு பழைய பி.எஸ்.ஏ. மார்ட்டினியை எடுத்துக் கொடுத்தார்.

அதில் போல்டே கிடையாது. கீழே ஒரு லீவர். அதை இறக்கினால் உள்ளே இருக்கிற இரும்புக் கட்டையின் முன்பக்கம் தாழும். அதன் தலையில் உள்ள பள்ளத்தின் வழியாக ஒரு தோட்டாவை விரலால் தள்ளி, லீவரை மூட வேண்டியதுதான். வலக்கை, இடக்கை என்ற பேதமே இல்லை. அன்றைக்கு 84 வாங்கினேன். வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னால், "நூத்துக்கா?" என்றாள்.

இந்த ரைபிள்கள் அங்கே நிறையக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்கப் போயர் யுத்தத்தில் பட்ட அடிக்குப் பிறகு, சாதாரண ஜனங்களும் சுடப் பழக வேண்டும் என்று ராபர்ட்ஸ் பிரபு பிரசாரம் செய்தார். சின்னத் தோட்டா கிளப்புகளுக்கான சங்கம் 1901இல் தொடங்கியது. ஊருக்கு ஊர் கிளப்புகள் முளைத்தன. அவர்களுக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி பல்லாண்டு காலம் மார்ட்டினிகளைச் செய்து தள்ளியது.

போலீஸ் அனுமதிச் சீட்டு கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனம். ஒரு கடையில் வால்நட் கட்டை பளபளக்க, இரும்பு மயில்கழுத்து நிறத்தில் மின்ன, ஒரு பழைய மார்ட்டினி இருந்தது. பெண் பார்க்கப் போனவன் மாதிரி மயங்கி நின்றேன். குழலை வெளிச்சத்தில் நீட்டி உள்ளே பார்க்கத் தோன்றவே இல்லை. ஏறக்குறைய ஒரு மாதச் சேமிப்பு போச்சு. முதல் பத்துத் தோட்டா சுமாராகப் போனது. அப்புறம் சிதற ஆரம்பித்தது. தப்பு என் கையில்தான் என்று நினைத்து, பழைய பாடத்தை மறுபடி படித்த மாணவன் போல ஒரு குளிர்காலம் முழுக்க என்னையே நொந்துகொண்டேன்.

கடைசியில் கிளப்பில் ஒரு பெரியவர் குழலுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்தக் காலத்துத் தோட்டாவின் மருந்து இரும்பை அரிக்கும். சுட்ட அன்றே துடைக்காவிட்டால் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். ஈயம் அதில் ஒட்டிக்கொண்டே போகும், குறி கெடும். இன்னொரு விஷயமும் காட்டினார். மார்ட்டினியைக் கழற்றாமல் பின்பக்கமாகக் கோல் விட்டுத் துடைக்க முடியாது. சோம்பேறிகள் வாய்ப்பக்கமாகக் கோலை விட்டு, தோட்டா வெளியேறுகிற விளிம்பையே தேய்த்துவிடுவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமான இடம் அந்த விளிம்புதான். அதனால் பழைய ரைபிளை முதலில் வாயிலிருந்து பாருங்கள், மரத்தைக் கடைசியில் பாருங்கள்.

இரண்டாவது ரைபிளுக்கு அவரையே கூட்டிப்போனேன். லீவரை ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. காலி ரைபிளில் லீவரை ஓங்கி மூடினார், தானாக விசை விழவில்லை. பின்குறிக்கான பார்க்கர் ஹேல் சைட் கூடவே வருமா என்று கேட்டார். அதைத் தனியாக வாங்கப் போனால் சில சமயம் ரைபிள் விலை கேட்பார்கள். 1950இல் வர ஆரம்பித்த இன்டர்நேஷனல் ரகத்தின் மேல் எனக்கு ஆசை. தூக்கிப் பார்த்தேன், கனமான குழல் வைத்தது 6 கிலோவுக்கு மேல் வரும். அந்தக் கடையில் இருந்ததன் கட்டை வேறு வலது கன்னத்துக்கென்று செதுக்கியிருந்தது. பக்கத்தில் 12/15 மாடல். இலேசு, கட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பார்வைக்குச் சுமார்தான், மரத்தில் கீறல் வேறு. குழல் மட்டும் கண்ணாடி.

அதையும் உடனே வாங்கவில்லை. கிளப்பில் நாலு பிராண்டு தோட்டாவை ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தோம். விலை கூடியது பரந்து விழுந்தது. மூன்றாவது விலைத் தோட்டா ஒரே ஓட்டையாக விழுந்தது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு, சார். அதற்கு எது பிடிக்கும் என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்றைய ஜெர்மன் ரைபிளோடு என் மார்ட்டினி போட்டி போடுமா என்றால், பெரிய போட்டிகளில் போடாது. கிளப் லீகில் 96, 97 வாங்கித் தருகிறது. ஒரு தடவை 99. அந்த அட்டையைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பத்தாவது ஓட்டை மட்டும் ஒன்பதில் நிற்கிறது.

முடிக்குமுன் என்.சி.சி. அதிகாரி ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் கேடட்டுகளில் இடக்கைப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை இடது தோளில் வைத்துச் சுட விடுங்கள். போல்டை எட்டி இழுக்க ஐந்து ரவுண்டுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.